தன்கதையில் தான் எங்கே?

நம் தமிழ்ப்பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் எழுதும் கட்டுரை வகைகளுள் தன்கதை என்பது ஒன்று. ஒரு பொருள் தன் வாழ்க்கையைத் தானே எடுத்துரைப்பதாக எழுதுவது அதன் இலக்கணம். 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு காலணி', 'நான் ஒரு பள்ளிப்பை', 'நான் ஒரு மிதிவண்டி' என்னும் தலைப்புகளை அறியாத தமிழாசிரியர் இந்நாட்டில் இரார்.

'இதையும் திறனாய்வதா? இஃது இலக்கியமா?' என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் தமிழில் எழுதும் புனைவு இந்தத் தன்கதையோடு நின்றுவிடுகிறது. பள்ளியை விட்டபின் அவர்கள் சிறுகதை எழுதப் போவதில்லை. கவிதை புனையப் போவதில்லை. ஆகவே, நாவலையும் சிறுகதையையும் எடைபோடும் நாம், பிள்ளைகளின் இந்தச் சிற்றிலக்கியத்தையும் ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பது கடமையே ஆகும்.

முப்பது தாள், ஒரே கதை

ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் எழுதிய முப்பது தன்கதைகளை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பேனா ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். அதற்கு உடன்பிறந்தார் பலர் இருப்பர். அவர்கள் எல்லாரும் பெட்டியில் அடுக்கப்பட்டுக் கனவுந்தில் ஏற்றப்படுவர். கடையொன்றின் கண்ணாடிப் பேழையில் பேனா அழகாக வீற்றிருக்கும். ஒரு நாள் ஒரு மாணவன் தன் தந்தையுடன் வருவான். விலை கொடுத்து வாங்குவான். கண்ணும் கருத்துமாகப் பேணுவான். பிறகு ஒரு நாள் பேனா கீழே விழும், அல்லது மை தீரும். நன்றி மறந்த அம்மாணவன் அதைக் குப்பைத்தொட்டியில் எறிவான். குப்பைத்தொட்டியில் இருந்தபடியே பேனா தன் கதையைச் சொல்லி முடிக்கும்.

பேனாவை எடுத்துவிட்டுக் காலணியை வையுங்கள், கதை மாறாது. காலணியை எடுத்துவிட்டுக் குடையை வையுங்கள், அப்பொழுதும் மாறாது. விலை மட்டும் வேறுபடும். பொருள் எதுவாயினும் பிறப்பு ஒன்று, வாழ்வு ஒன்று, இறப்பும் ஒன்று. பிள்ளைகளின் கையெழுத்து வேறு வேறாக இருக்கிறது. கதை ஒன்றாகவே இருக்கிறது.

இது பிள்ளைகளின் குற்றம் அன்று. இக்கதை மாதிரிக் கட்டுரை நூல்களில் அச்சாகிக் கிடக்கிறது. ஆசிரியர் அதை வெண்பலகையில் எழுதிப் போடுகிறார். பெற்றோர் பொருள் செலவிட்டு நூலை வாங்கி, 'இதை மனப்பாடம் செய்' என்று பிள்ளையின் கையில் கொடுக்கின்றனர். 1988-ஆம் ஆண்டு தொடங்கி நடந்துவந்த யூபிஎஸ்ஆர் தேர்வின்மீது நாம் பழியைப் போட்டோம். 'தேர்வு இருக்கும்வரை இப்படித்தான்' என்றோம். 2021-ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பேனா இன்னும் அதே தொழிற்சாலையில்தான் பிறந்துகொண்டிருக்கிறது. ஆதலால் காரணம் தேர்வு மட்டுமன்று என்பது தெளிவு. நம் கையிலும் ஒரு பங்கு உண்டு.

என் பங்கு

பிறரைக் குறைகூறுமுன் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வெளிவந்த மூன்றாம் ஆண்டு என்று நினைவு. அப்பொழுது நான் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பித்துவந்தேன். 'நான் ஒரு மிதிவண்டி' என்று தலைப்புக் கொடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொருவர் என் மாதிரியைப் பின்பற்றி எழுதினர். ஒரு பையன் மட்டும் வேறுவிதமாக எழுதினான். அவன் தந்தையார் பால் மரம் வெட்டுகிறவர்.

அந்தத் தாள் இன்று என்னிடம் இல்லை. அதில் இருந்த வாக்கியங்களை மறக்க முடியவில்லை. அவன் எழுதியது ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

"நான் எங்கே பிறந்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்னை வாங்கும்போதே நான் பழையது. எனக்கு மணி இல்லை. அப்பா தொண்டையைக் கனைப்பார். அதுதான் மணி. விடியற்காலையில் மேட்டில் அப்பா என்மேல் ஏறமாட்டார். தள்ளிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது இரண்டு வாளிப் பால் இருக்கும். அப்போதும் தள்ளிக்கொண்டுதான் வருவார். சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டும் அப்பா என்மேல் உட்கார்ந்து கடைக்குப் போவார்."

எழுத்துப்பிழைகள் பல இருந்தன. நான் சிவப்பு மையை எடுத்தேன். 'மிதிவண்டிக்கு அப்பா ஏது? என் உரிமையாளர் என்று எழுது' என்று முதலில் ஒரு குறிப்பு. 'முன்னுரை இல்லை, தொழிற்சாலை இல்லை, முடிவு இல்லை' என்று அடியில் மற்றொரு குறிப்பு. இருபதுக்கு ஏழு கொடுத்தேன்.

பையன் நல்லவன், சொன்னதைக் கேட்பவன். அடுத்த மாதம் அவன் எழுதிய 'நான் ஒரு குடை' தவறாமல் தொழிற்சாலையில் பிறந்தது. அதற்குப் பதினாறு கொடுத்தேன். என் கற்பித்தல் பலித்தது என்று மகிழவும் செய்தேன். அதன்பின் அவன் தன் தந்தையைப் பற்றி ஒரு வரிகூட என் வகுப்பில் எழுதவில்லை. அதை நான் கவனிக்கவே சில ஆண்டுகள் ஆயின.

இளங்கோவடிகள் கண்ட கொடி

அத்தாளை இன்று ஒரு திறனாய்வாளன் கண்கொண்டு நோக்குகிறேன். அதன் சிறப்பு யாது?

பேசாத பொருளைப் பேசவைப்பது தமிழுக்குப் புதிதன்று. நெஞ்சும் கடலும் திங்களும் பறவையும் விலங்கும் சொல்வன போலவும் கேட்பன போலவும் கூறுதல் உண்டு என்று தொல்காப்பியர் செய்யுளியலில் வழி வகுத்தார். நன்னூலாரும் பொதுவியலில் அஃறிணைப் பொருள்களுக்கு அவ்வுரிமையை அளித்தார். நாம் தன்கதை என்று வழங்கும் வகைக்கு இவ்வாறு இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த பயனைக் காண வேண்டுமாயின் சிலப்பதிகாரத்திற்குச் செல்ல வேண்டும்.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகின்றனர். வையை ஆற்றில் நீர் தெரியாதபடி பூக்கள் மிதந்து வருகின்றன. இவர்களுக்கு நேரப்போகும் துன்பத்தை அறிந்தவள் போல, வையை என்னும் நங்கை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்கிறார் இளங்கோவடிகள். அப்பால் மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. 'இவ்வூருக்கு வர வேண்டா' என்று அவை கைகாட்டுவன போல இருந்தன என்கிறார். தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக நாம் அனைவரும் பாடம் நடத்திய இடம் இது.

இங்கே ஆசிரியப் பெருமக்கள் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆற்றில் பூ மிதப்பது உண்மை. கொடி காற்றில் முன்னும் பின்னும் அசைவது உண்மை. வேண்டா என்று ஒருவர் கையசைப்பதும் அவ்வாறே இருக்கும் என்பது உண்மை. அடிகள் முதலில் கண்டார். கண்டதன்மேல் தம் குறிப்பை ஏற்றினார். காணாததன்மேல் குறிப்பை ஏற்ற இயலாது. ஏற்றினால் அது நிற்காது.

நம் பேனாத் தன்கதை நிற்காமைக்குக் காரணம் இதுவே. பேனாத் தொழிற்சாலையை அந்தப் பிள்ளை கண்டதில்லை. எழுதிக் கொடுத்த ஆசிரியரும் கண்டதில்லை. கண்ணாடிப் பேழையில் ஒற்றைப் பேனா வீற்றிருக்கும் கடையும் அத்தோட்டத்தில் இல்லை. கண்டறியாத பிறப்பு, கண்டறியாத கடை, உணர்ந்தறியாத துயரம் ஆகிய மூன்றின்மேல் கட்டிய கதையில் உயிர் எங்கிருந்து வரும்?

அந்தப் பையனோ கண்டதை எழுதினான். மணி இல்லாத வண்டியைக் கண்டான். மேட்டில் தள்ளிச் செல்லும் தந்தையைக் கண்டான். வாளி நிறைந்திருக்கும்பொழுது ஏறி உட்கார முடியாது என்பதைக் கண்டான். 'என் தந்தை உழைக்கிறார். அவர் பாவம்' என்று ஓரிடத்திலும் அவன் எழுதவில்லை. சம்பளத்தன்று மட்டும் உட்காருவார் என்று எழுதினான், அவ்வளவே. படிப்பவர் நெஞ்சு தானே மற்றதை நிரப்பிக்கொள்ளும். இதைச் செய்வதற்கு நம் எழுத்தாளர் பலர் ஆண்டுக்கணக்கில் முயல்கின்றனர். பதினொரு வயதுப் பையன் முயலாமலே செய்தான்.

மிதிவண்டி 'அப்பா' என்று அழைத்தது பிழை என்று அன்று நான் அடித்தேன். இன்று அக்கட்டுரையின் உயிர் அச்சொல்லில்தான் இருக்கக் காண்கிறேன். வண்டிக்குள் புகுந்து பேசியவன் மகன். உரிமையாளர் என்னும் சொல் அங்கே வந்திருந்தால் மகன் வெளியேறியிருப்பான். என் சிவப்பு மை மகனை வெளியேற்றிவிட்டது. தன்கதையில் தான் என்பவன் இருக்கிறானா என்று பார்ப்பதே திருத்துவோன் முதற்கடமை என்பதை எந்தப் பயிற்சியிலும் நான் கற்கவில்லை. அந்தத் தாளிடம் காலங்கடந்து கற்றேன்.

மனப்பாடம் தீதா?

'அப்படியானால் மாதிரிகள் வேண்டாவா? மனப்பாடம் வேண்டாவா?' என்று வினவுவோர் உளர். நேர்மையான வினாதான். ஆத்திசூடியையும் குறளையும் நாம் பொருள் விளங்குமுன்பே மனத்தில் பதித்தோம். அவை ஒரு பருவத்தில் விதையாக உள்ளே சென்று மற்றொரு பருவத்தில் முளைத்தன. வாழ்வில் ஓர் இடர் வரும்பொழுது எங்கிருந்தோ ஒரு குறள் எழுந்து வந்து துணைநிற்கிறது. ஆகவே மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. முதிர்ந்த வயதில் எந்த மனிதனுக்கேனும் மாதிரிப் பேனாக் கட்டுரையின் ஒரு வாக்கியம் துணைநின்றதுண்டா? எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதே வினா.

மாதிரியாலும் சிறு பயன் உண்டு. பத்தி பிரிப்பது எவ்வாறு, ஒரு நிகழ்ச்சியிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எவ்வாறு என்பவற்றை அது காட்டும். தச்சன் மகன் தந்தை செய்த நாற்காலியைப் பார்த்துத்தான் தொழில் பழகுகிறான். எனினும், தந்தையின் நாற்காலியையே தூக்கிவந்து 'நான் செய்தேன்' என்று சொல்ல அவனுக்கு எவரும் கற்பிப்பதில்லை. நாம் அதைத்தான் கற்பிக்கிறோம். 'பிறர் சொல்லைத் தன் சொல்லென்று எழுது. மதிப்பெண் கிடைக்கும்' என்னும் பாடத்தைப் பத்து வயதில் படித்த பிள்ளை, தமிழ் என்பது தன்னைப் பற்றிப் பேசுவதற்கான மொழி அன்று என்று முடிவு கட்டிவிடுகிறது. தன் மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் அது வேறு மொழியிலோ படச் செய்தியிலோ வெளியிடப் போய்விடுகிறது. நாம் இழப்பது ஒரு கட்டுரையை அன்று.

எண்ணிக்கையும் சுவையும்

எழுத்தின் வறுமைக்கு வேர் வாசிப்பின் வறுமை. நம் பிள்ளை படிப்பவை யாவை? பாடநூல், பயிற்சிநூல், மாதிரிநூல் ஆகிய இம்மூன்றே. மூன்றின் இறுதியிலும் வினா இருக்கும், அல்லது மதிப்பெண் இருக்கும். வினாவுக்காகவே படித்த பிள்ளைக்கு வாசிப்பு என்பது மற்றொரு தேர்வு ஆகிவிடுகிறது.

நம் பள்ளிகளில் நிலாம் என்னும் வாசிப்புத் திட்டம் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. அதன் நோக்கம் நன்று. அதைக் கையாளும் நாமோ எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டோம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், சுருக்கம் என்று கட்டங்கள் நிரம்பினால் போதும் என்று கருதினோம். பின்னட்டையில் உள்ள நான்கு வரிகளைப் பெயர்த்தெழுதினால் சுருக்கம் முடிந்தது. ஒரே மாலையில் ஐந்து நூல்களைப் 'படித்து' முடித்த பிள்ளைகளை நான் அறிவேன். ஒரு நூலை ஐந்து முறை படித்த பிள்ளைக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. விருப்பமான நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் குழந்தையின் இயல்பு என்பதை நம் கட்டங்கள் அறியா.

பிள்ளைகள் எதைத் திரும்பப் படிக்கிறார்கள்? என் பள்ளியில் கண்டதைச் சொல்கிறேன். அழ. வள்ளியப்பாவின் பாடல்களைத் திரும்பப் படிக்கிறார்கள். அவருடைய 'மலரும் உள்ளம்' 1954-இல் வெளிவந்தது. வங்கியில் பணிபுரிந்துகொண்டே வாழ்நாள் முழுதும் குழந்தைகளுக்காக எழுதியவர் அவர். அறுபது எழுபது ஆண்டுகள் கடந்தும் அப்பாடல்களில் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுவதில்லை. காரணம் எளிது. ஓசை துள்ளுகிறது, ஏதேனும் ஒன்று நடக்கிறது, முடிவில் சிரிப்பு வருகிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பாடிய பாட்டை எண்ணிப் பாருங்கள். அப்பாட்டில் அறிவுரை ஒன்றும் இல்லை. பசு இருக்கிறது, கன்று இருக்கிறது, அவற்றின் அன்பு இருக்கிறது. ஆசிரியராகவே வாழ்ந்த அப்பெருமகனார், குழந்தைக்குப் பாடும்பொழுது ஆசிரியத் தோரணையைக் கழற்றி வைத்துவிட்டார். நாமோ ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'இதனால் அறியப்படும் நீதி யாது?' என்று கேட்காமல் விடுவதில்லை.

என் பள்ளியின் நூலகம் நெடுங்காலம் ஓர் இரும்பு அலமாரியாக இருந்தது. அலமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி என் மேசையில் இருந்தது. நூல்கள் கிழிந்துவிடும் என்று அஞ்சினேன். ஒரு நாள் கணக்கெடுத்தபொழுது எந்த நூலும் கிழியவில்லை, எந்த நூலும் படிக்கப்படவுமில்லை என்று கண்டேன். அன்று சாவியை எடுத்துப் போட்டேன். ஈராண்டில் பல நூல்களின் அட்டை போயிற்று. அவை எவை என்று குறித்துக்கொண்டேன். பிள்ளைகளின் சுவையைப் பற்றி அந்தக் கிழிந்த அட்டைகள் சொன்ன அளவுக்கு எந்தப் பதிவேடும் எனக்குச் சொன்னதில்லை.

விடுகதை என்னும் பள்ளிக்கூடம்

இனிச் செய்யத்தக்கது யாது என்பதைச் சிறிது கூறி அமைகிறேன். இவை என் பள்ளியில் செய்து பார்த்தவை, பெரும்பொருள் வேண்டாதவை.

முதலாவது, ஆசிரியர் படித்துக் காட்டல். நாள்தோறும் பத்து மணித்துளி. பிள்ளைகள் ஏட்டைத் திறக்க வேண்டா, குறிப்பெடுக்க வேண்டா. படித்து முடித்தபின் வினாக் கேட்கவும் வேண்டா. சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு 'நாளை பார்ப்போம்' என்று புத்தகத்தை மூடுங்கள். மூடிய புத்தகத்தை இடைவேளையில் யாராவது திறந்து பார்ப்பார்கள். அந்தப் பிள்ளையைப் பார்க்காததுபோல் போய்விடுங்கள்.

இரண்டாவது, விடுகதை. நம் முன்னோர் இதைப் பிசி என்றனர். தொல்காப்பியர் செய்யுளியலில் இதற்குத் தனி இடம் தந்தார். வாரம் ஒருமுறை, வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பிள்ளை கூர்ந்து நோக்கி வர வேண்டும். பெயரைச் சொல்லாமல் அதன் உருவையும் செயலையும் சொல்ல வேண்டும்; வகுப்பு விடை காண வேண்டும். பாட்டி வீட்டில் கிடந்த பழைய மங்கையும் உளியையும் ஒரு பிள்ளை இவ்வாறு வகுப்புக்குக் கொண்டுவந்தது. பால் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் அவற்றின் பெயரைப் பாதி வகுப்பு அறியவில்லை. அன்று பாட்டியின் வாழ்க்கை வகுப்புக்குள் வந்தது. பொருளை நோக்கப் பழகிய பிள்ளைக்கு, அப்பொருளாகவே நின்று பேசுவது அடுத்த படி. விடுகதையில் 'அது' என்று சொன்னதைத் தன்கதையில் 'நான்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

மூன்றாவது, திருத்தம். முதலில் சிவப்பு மை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வாசகனாகப் படியுங்கள். பிறகு பிள்ளை சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். 'அப்பாவின் வண்டிக்கு இன்னும் மணி போடவில்லையா?' என்று ஒரு வரி அன்று நான் எழுதியிருக்கலாம். அதன்பின் பிழைகளுக்கு வருக. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் அடிக்க வேண்டா. இம்முறை ரகர றகரம், அடுத்த முறை ஒற்றுமிகல் என்று ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளலாம். பிழையின்றி எழுதுவது வேண்டியதே. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும், சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவன் பிழையின்றி எழுதி என்ன பயன்?

நான்காவது, எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். இந்நாட்டுத் தமிழிலக்கியம் வளர்ந்த வரலாறே இதற்குச் சான்று. 1950-ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். ஐம்பதுகளில் தமிழ் முரசில் கோ. சாரங்கபாணியார் மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். அவற்றில் பழகிய கைகளே பிற்காலத்தில் மலாயா, சிங்கப்பூர் எழுத்துலகில் முன்னின்றன. அங்கே நடந்தது என்ன? எழுதியவனுக்கு ஒரு வாசகன் கிடைத்தான். அவ்வாசகன் மறுமொழி சொன்னான். நம் பள்ளியிலோ பிள்ளையின் எழுத்தை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். அவரும் பிழை தேடியே படிக்கிறார். திங்களுக்கு ஒரு கையெழுத்து இதழ் போதும். ஒரே ஒரு படி எழுதி, ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரட்டும். பிள்ளையின் எழுத்தைப் பிள்ளையே விரும்பிப் படிக்கும் அளவுக்கு வேறெதையும் விரும்பிப் படிப்பதில்லை. வாசிப்பும் எழுத்தும் கைகோக்கும் இடம் அதுவே.

தொழிற்சாலைக்கு ஒரு தடை

சென்ற ஆண்டு என் பள்ளி ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு விதி செய்தேன்: தன்கதையில் பொருள் தொழிற்சாலையில் பிறக்கக் கூடாது, குப்பைத்தொட்டியில் இறக்கவும் கூடாது. பிள்ளைகள் திகைத்தனர். 'பிறகு எதை எழுதுவது, சார்?' என்று கேட்டனர். உங்கள் வீட்டில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். முதல் வாரத்தில் பாதித் தாள்கள் வெறுமையாக வந்தன. பொறுத்திருந்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு சிறுமி 'நான் ஒரு பேருந்து' என்று எழுதிக் கொண்டுவந்தாள். தோட்டத்து முச்சந்திக்கு விடியுமுன் வந்து பெண்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து அது. அவளுடைய அன்னை அதில்தான் போகிறார். பேருந்து சொல்கிறது: 'எனக்குள்ளே ஏறியதும் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். ஒருவர் மட்டும் தூங்கமாட்டார். வளைவு வரும்வரை திரும்பி ஒரு வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே வருவார். வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.'

பேச்சு வழக்கில்தான் முதலில் எழுதியிருந்தாள். அவளும் நானும் உடனமர்ந்து எழுத்து வழக்குக்குக் கொண்டுவந்தோம். ஒரு சொல்லைக்கூட நான் புகுத்தவில்லை.

அந்தப் பேருந்து எங்கே செல்கிறது என்று கேட்டேன். 'தொழிற்சாலைக்கு, சார்' என்றாள். எனக்கு நாணமாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் 'தொழிற்சாலையில் பிறந்தேன்' என்று நாம் எழுதவைத்த பிள்ளைகளுள் எத்தனை பேருடைய அன்னையர் உண்மையான தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வீடு திரும்பினர்! அந்தத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு பிள்ளையும் எழுதவில்லை. எழுதலாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தத் தவணையில் ஒரே ஒரு முறை மாதிரிநூலை மூடிவைத்துவிட்டுத் தன்கதை எழுதச் செய்யுங்கள். வருகின்ற தாள்கள் பிழை மலிந்திருக்கும், குறுகியிருக்கும், சில வெறுமையாகவும் இருக்கும். அவற்றுள் ஒன்றிலேனும் ஒரு பிள்ளை தன் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு வந்து உங்கள்முன் நிற்கும். அந்தத் தாளில் சிவப்பு மையை வைக்குமுன் இருமுறை படியுங்கள். நான் ஒருமுறைதான் படித்தேன்.